லினக்ஸுக்கு மாறிய இரவில் பதினோரு வருட வேலையைத் தொலைத்தேன்

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை இரவு பத்தேகால் மணி. வெளியே மழை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். திரையில் வந்த கடைசிக் கேள்விக்குத் ‘தொடரவும்’ என்ற பொத்தானை அழுத்தினேன். பதினோரு வருடங்களாக டைப் அடித்துச் சேர்த்து வைத்திருந்த அத்தனை வேலையும் அந்த ஓர் அழுத்தில் போனது. என்ன செய்துவிட்டேன் என்பது புரியவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. சரிசெய்ய ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க எனக்கு வழி சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. என்னைப் போலச் சிற்றூரில் கடை வைத்திருக்கும் யாருக்காவது இது முன்கூட்டியே கையில் கிடைக்கட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கருங்கல்லுக்கும் திங்கள்நகருக்கும் இடையில் ஒரு சிறிய டிடிபி கடை என்னுடையது. கல்யாண அழைப்பிதழ், ஆலயத் திருவிழா நோட்டீஸ், கோயில் கொடை நோட்டீஸ், முதல் திருவிருந்து கார்டு, நினைவு நாள் அட்டை, இடையிடையே ஜெராக்ஸ். வருடத்துக்கு ஒன்றிரண்டு விழா மலர் வேலையும் வரும். அந்த அக்டோபரில் கையில் இருந்தது ஓர் ஆலயத்தின் நூற்றாண்டு மலர், 112 பக்கம். ஊரின் பழைய குடும்பங்கள், ஓலைக் கூரையாக இருந்த முதல் ஆலயம், தோள்சுமையாகக் கல் சுமந்து கட்டியவர்களின் பெயர்கள் என்று பெரியவர்கள் கையால் எழுதித் தந்த மேட்டர். அதில் பலதை டைப் அடித்து முடித்ததும் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிலவற்றை அவர்கள் வீட்டிலும் பிறகு தேடி எடுக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் 2014இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, எட்டு ஜிபி ராம். விண்டோஸ் ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டியில், வேலை எல்லாம் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில். இந்த இரண்டு டிஸ்க் என்ற விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்த கல்லூரிப் பையன் ஒருவன், “அக்கா, பதினான்காம் தேதியோடு விண்டோஸ் 10 நின்றுவிடுமாம், அதற்குப் பிறகு உங்கள் கம்ப்யூட்டர் ஓடாதாம்” என்றான். செல்போனில் தேடினால் எல்லாத் தலைப்பும் அதையேதான் அலறியது. விண்டோஸ் 11 போட்டுப் பார்க்கலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று என் கம்ப்யூட்டரை ஏற்க மறுத்தது. புதியது வாங்க 42,000 ரூபாய் சொன்னார்கள்.

தொழில்நுட்பச் செய்திகள் மீது எனக்கு இருக்கும் முதல் கோபம் இங்கேதான். அக்டோபர் 14 அன்று நின்றது விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. கம்ப்யூட்டர் மறுநாளும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே நுழைந்து பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பை நீட்டித்துக்கொள்ளவும் வழி இருந்தது. செட்டிங்ஸை அந்தக் கணக்கில் சேமித்தால் பணமும் கேட்கவில்லை. இந்த ஒரு வரி தலைப்புகளுக்குக் கீழே எங்கேயோ ஏழாவது பத்தியில் கிடந்தது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. கையில் ஒரு வருடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், கல்யாண சீசன் நடுவில், மலர் வேலை பாதியில் நிற்கும்போது இதில் கை வைத்திருக்கவே மாட்டேன். ‘முடிவுக்கு வருகிறது’ என்று எந்தச் செய்தி வந்தாலும், எது நிற்கிறது, எது தொடர்கிறது, எத்தனை நாள் தவணை என்ற மூன்றையும் கண்டுபிடிக்கும் வரை எதையும் தொடாதீர்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது என்ற முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22.2 ஏறக்குறைய மூன்று ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் இரவெல்லாம் இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன். பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், டிஸ்க்கில் ஒன்றும் எழுதாது. ஒரு நாள் முழுக்க அப்படி ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வந்தது, தமிழ் எழுத்து அழகாகத் தெரிந்தது. பதினோரு வயதுக் கம்ப்யூட்டர் சிறு பெண்ணைப் போலத் துள்ளி ஓடியது. ஆனால் ஒன்றைச் செய்யத் தவறினேன். பிரிண்டர் பெயர் பட்டியலில் தெரிந்ததைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டேன், ஒரு தாளை அச்சடித்துப் பார்க்கவில்லை. நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் இருக்கும் பழைய லேசர் பிரிண்டர்களில் ஒன்று அது. லினக்ஸில் அதை ஓட வைக்கத் தனி டிரைவர் தேடிப் பிறகு மூன்று நாள் அலைந்தேன். பென்டிரைவில் சோதிக்கும்போதே ஒரு கல்யாண கார்டின் புரூஃப் எடுத்துப் பாருங்கள், ஒரு ஆதார் அட்டையை ஸ்கேன் செய்து பாருங்கள். கடையைக் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். அடுத்த வருடம் லினக்ஸின் வருடம் என்று வருடாவருடம் யாராவது எழுதுகிறார்கள். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017இலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன, நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். என் கடையில் அதன் வருடம், பிரிண்டரிலிருந்து முதல் தாள் வெளியே வந்த அன்றுதான் தொடங்கியது.

நிறுவுவதற்கு முந்தின நாள் காப்பி எடுக்காமல் இருந்தேனா என்றால், எடுத்தேன். டெஸ்க்டாப்பில் மலர், கல்யாணம், திருவிழா என்று இருபத்திமூன்று ஃபோல்டர்கள் இருந்தன. எல்லாவற்றையும் தேர்வு செய்து வெளி டிஸ்க்கில் ஒட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவை எல்லாம் ஷார்ட்கட். பல வருடங்களுக்கு முன்பு வசதிக்காக நானே டெஸ்க்டாப்பில் போட்டவை. அசல் ஃபோல்டர்கள் டி டிரைவில், அதாவது அந்த ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. நான் பத்திரப்படுத்தியது இருபத்திமூன்று வழிகாட்டிப் பலகைகளை. ஒவ்வொன்றும் இரண்டு கேபி. காப்பி எடுத்தால், அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறகு அசல் ஃபோல்டரின் அளவையும் காப்பியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் ஒருபக்கம் 340 ஜிபி இருந்திருக்கும், மறுபக்கம் ஐம்பது கேபிகூட இருந்திருக்காது. பத்து வினாடி வேலை.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். நிறுவும்போது ‘டிஸ்க்கை அழித்துவிட்டு மின்ட்டை நிறுவு’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி அழியட்டும், வேலை இருக்கும் டிஸ்க் அப்படியே இருக்கட்டும் என்பது திட்டம். எந்த டிஸ்க் என்று ஒரு பெட்டி கேட்டது. உள்ளே எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு. விண்டோஸில் சி, டி என்று பழகியவள் நான். ஏ என்றால் முதலாவது, முதலாவது என்றால் விண்டோஸ் என்று எடுத்துக்கொண்டேன். லினக்ஸில் அந்த எழுத்துகளுக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. கம்ப்யூட்டர் எழும்பும்போது எந்த டிஸ்க் முதலில் தட்டுப்படுகிறதோ அது ஏ, அடுத்தது பி. மதர்போர்டில் எந்தத் துளையில் எந்த கேபிள் செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். என் ஹார்டு டிஸ்க்தான் எஸ்டிஏ.

அந்த வரி எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எஸ்டிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறு கோட்டுக்கு அப்பால், 1.0 டிபி என்று எழுதியிருந்தது. எஸ்எஸ்டி என்றால் 120 ஜிபி என்று காட்டியிருக்க வேண்டும். உண்மை திரையிலேயே இருந்தது. யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, மின்சாரம் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது, பேட்டரி தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதைப்பில் நான் அளவைப் படிக்கவில்லை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ரெண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, அது ஏன் என்று தோண்டியிருக்கிறார். எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்த பின்வாசல் அப்படித்தான் வெளிவந்தது. பரவியிருந்தால் உலகெங்கும் கணக்கற்ற லினக்ஸ் சர்வர்களுக்குள் அந்நியர் நுழைந்திருக்க முடியும். எத்தனையோ தொழில்நுட்பச் செய்திகள் படித்திருக்கிறேன், என்னை உலுக்கியது அது ஒன்றுதான். ஒரு மனிதர் அரை வினாடியை மதித்தார். நான் நாலு எழுத்தை மதிக்கவில்லை.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். நிறுவுவதற்கு முன்பு கம்ப்யூட்டரை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வேலை இருக்கும் டிஸ்க்கின் கேபிளை உருவி வைத்துவிடுங்கள். இல்லாத டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது. நிறுவி முடித்து, எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு மறுபடி செருகலாம். லேப்டாப்பாக இருந்து கேபிளைத் தொட வழியில்லை என்றால், கட்டளை அடிக்கும் டெர்மினல் பெட்டியில் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்தால் எல்லா டிஸ்க்கும் அளவோடு வரிசையாக வரும். பெயரைப் பார்க்காமல் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் என்ற பூட்டு உங்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கக்கூடும். 48 இலக்கச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைக்காமல், கம்ப்யூட்டர் எழும்பும் விதத்தை மாற்றும் பயாஸ் அமைப்புப் பக்கமே போகாதீர்கள்.

மின்ட் எழும்பியது. நான் மகிழ்ச்சியாக ஒரு மணி நேரம் புதுப்பிப்புகளை இறக்கினேன், தமிழ் எழுத்துருக்களை ஏற்றினேன். அதில் ஒவ்வொன்றும் என் பழைய கோப்புகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது என்று அப்போது தெரியாது. பிறகு வேலை டிஸ்க்கைத் தேடினேன். காணவில்லை. மறுபடி இயக்கியபோது விண்டோஸும் பட்டியலில் இருந்தது. அழித்துவிட்டதாக நினைத்த விண்டோஸ் எப்படி இருக்கிறது என்று குழம்பி உள்ளே போனேன். சி டிரைவ் மட்டும் இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கைகால் சில்லிட்டது. வெளி டிஸ்க்கை மாட்டினேன், மலர் என்ற ஃபோல்டரைத் திறந்தேன், திறக்கவில்லை. அன்றிரவு கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வளைகுடாவில் இருக்கும் கணவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்ய முடியும், தூக்கம் போவதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். தரவு மீட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில் 18,000 ரூபாய் கேட்டார்கள், 6,000 முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று திருப்பித் தந்தார்கள். முன்பணம் திரும்பவில்லை. அந்த ஒன்பது நாளில் டிஸ்க்கை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இரண்டு விஷயத்தை நான் அங்கே கேட்டிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும், அசல் டிஸ்க்கில் வேலை செய்வீர்களா, பிரதி எடுத்து அதில் வேலை செய்வீர்களா. இதை எழுதி வாங்கிக்கொள்ளாமல் டிஸ்க்கைக் கையைவிட்டு விடக் கூடாது.

அதற்குப் பிறகுதான் நானே இறங்கினேன். 6,400 ரூபாய்க்கு இரண்டு டெராபைட் வெளி டிஸ்க் வாங்கினேன். பென்டிரைவிலிருந்து மின்ட்டை இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் பழைய டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதியாக முழுதாக எடுத்தேன். அதன் பிறகு அசலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். பிரதியின் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் அது எல்லா வகைக் கோப்பையும் தேடும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஃபோல்டர், பெயர் எதையும் நம்பாமல் டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை அந்த அடையாளத்தைத் தேடிக்கொண்டே போகும். பத்தொன்பது மணி நேரம் ஓடியது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 83,000 கோப்புகளுக்கு மேல். என் வேலை எஸ்எஸ்டியில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அழிந்த இடத்தை டிரிம் என்ற கட்டளை மூலம் எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும், பிறகு தேட ஒன்றும் மிஞ்சாது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை பழையது கிடக்கும். அதனால் எது அழிந்தாலும் அந்தக் கணமே கம்ப்யூட்டரை அணையுங்கள். நான் ஒரு மணி நேரம் புதுப்பிப்பு இறக்கியதில் எத்தனை பக்கம் போயிற்றோ.

83,000 கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணும்தான். இதில் பாதிக்கு மேல் படங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளில் திறக்கக்கூடியதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நான் எப்போதும் மேட்டரை முதலில் வேர்டில் அடித்துப் புரூஃப் பார்த்து, அப்புறம் பேஜ்மேக்கருக்குக் கொண்டுபோவேன். அந்தப் பழக்கம் காப்பாற்றியது. ஆறாயிரத்துச் சொச்சம் வேர்டு கோப்புகள் கிடைத்தன. இனி மலரின் கட்டுரைகளைத் தேடி எடுக்க வேண்டியதுதான் என்று ‘நூற்றாண்டு’ என்று அடித்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. ‘ஆலயம்’, ஒன்றும் இல்லை. ‘தமிழ்’ என்று தேடினேன். பதினோரு வருடம் தமிழில் மட்டுமே அடித்த கோப்புகளில் தமிழ் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

நம் டிடிபி தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் இதைச் சொல்ல வேண்டும். நான் அடித்தது எல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினியில் தமிழ் என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டி வைத்திருக்கிறோம். அந்த எழுத்துரு உள்ள வரை தமிழ், அது இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கல். பேஜ்மேக்கர் 7, 2001இல் வந்து அதோடு நின்றுபோன மென்பொருள், உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையான யூனிகோடே அதற்குத் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டதால் நாமும் பாமினியைக் கட்டிக்கொண்டோம். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. நான் கடை போட்டது அதற்கும் நான்கு வருடம் கழித்து. முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடித்திருந்தால், பெயர் போனாலும் என் எழுத்தை நானே தேடி எடுத்திருக்கலாம். டிஸ்க்கை அழித்தது ஓர் இரவின் தவறு. இது பதினோரு வருடத் தவறு.

என் அக்கா மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். போனில் சொன்னேன். “சித்தி, பைத்தான் என்ற நிரல் மொழியில் முப்பது வரி எழுதினால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், நீங்களே செய்யலாம்” என்றான். அவனுக்கு அப்போது இரவு ஷிப்ட். வழி சொன்னான், செய்தது நான்தான். வேர்டு கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸைத் திரையில் திறக்காமலே ஒரு கட்டளையில் ஓட்டி வேர்டு கோப்புகளை வெறும் உரையாக மாற்றலாம். பிறகு பைத்தானில், எஃப் வந்தால் க, ஜே வந்தால் த என்று பட்டியல் போட்டு மாற்றச் சொன்னேன். முதல் முறை ஓட்டியபோது ‘கொடியேற்றம்’ என்ற சொல் உடைந்து வந்தது. ஒற்றைக்கொம்பு தனியாக முன்னால் நின்றது, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம், அதன் பிறகு ‘காடி’. ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தபின் பிடிபட்டது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கிறோம். முதலில் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். என், எஃப், எச். யூனிகோடோ வாயால் சொல்லும் வரிசையில் வைக்கிறது. முதலில் க, அதன் பிறகு ஒகரக் குறி. ஆகவே மூன்று எழுத்துச் சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும், பிறகு இரண்டு, கடைசியில் ஒற்றை எழுத்து. பட்டியலை நீளம் பார்த்து வரிசைப்படுத்தி மறுபடி ஓட்டினேன். கொடியேற்றம் என்று வந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கடை திறந்த நாளில்கூட வந்ததில்லை. இதே வேலைக்கு ஓபன் தமிழ் என்ற இலவசப் பைத்தான் தொகுப்பில் ஆயத்தச் செயலிகள் உண்டு என்று பிறகு அறிந்தேன். நீங்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

பைத்தானை எனக்குப் பிடித்துவிட்டது. வரியின் தொடக்க இடைவெளியே அதில் இலக்கணம் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். பத்தி, ஓரம், இடைவெளி என்றே வாழ்கிற எங்களுக்கு அதைவிட இயல்பானது வேறு இல்லை. இணையத்தில் கிடைத்த பழைய நிரல்கள் பல ஓடவில்லை. அவை பைத்தான் 2இல் எழுதியவை, அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்தது. 2008இல் பைத்தான் 3 வந்தபோது பழையதை உடைத்துவிட்டார்கள் என்று திட்டியவர்கள் ஏராளம். அந்த உடைப்பில்தான் உரை என்றாலே யூனிகோடு என்று ஆயிற்று. தமிழில் வேலை செய்கிறவள் என்ற முறையில் அதற்கு நான் நன்றி சொல்வேன். அக்கா மகன் ரஸ்ட் மொழிக்காரன். “ரஸ்டில் எழுதினால் கண் இமைப்பதற்குள் முடியும் சித்தி” என்பான். என் நிரல் ஆறாயிரம் கோப்புகளையும் சில நிமிடங்களில் முடித்தது, எனக்கு அது போதும். ஆனாலும் அவன் சொன்ன ஒன்றை மறுக்க மாட்டேன். பல வகைத் தவறுகள் இருந்தால் ரஸ்ட் ஓடவே விடாதாம், எங்கே தவறு, ஏன் தவறு என்று சொல்லி நிறுத்துமாம். 1972 வாக்கில் பிறந்த சி மொழி, சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்யும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பெரும்பாலும் சியில் எழுதியது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கும் கதவைத் திறந்தார்கள். பிழை திருத்துபவர் கண்டிப்பாக இருக்கும் அச்சகம்தான் நல்ல அச்சகம், அதனால் இந்த விஷயத்தில் நான் ரஸ்ட் பக்கம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் 6,000, வெளி டிஸ்க் 6,400, நாகர்கோவில் போய்வந்த வகையில் 400. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்பு நடக்கும் கல்யாணங்களால் நவம்பர் எங்களுக்கு முக்கியமான மாதம். ஐந்து அழைப்பிதழ் வேலை கைமாறிப் போனது, அதில் 16,000. மொத்தம் 28,800 ரூபாய். மலரில் 31 பக்கத்துக்கான மேட்டர் எங்குமே கிடைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை, எழுதியவர்கள் வீடு தேடிப் போய், அவர்கள் சொல்லச் சொல்லத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி அடித்தேன். முதலில் எழுதியதுபோல் இரண்டாம் முறை ஒருவருக்கும் வரவில்லை. ஆலயக் கல் சுமந்தவர்களின் பட்டியலில் நான்கு பெயர்கள் யாருக்கும் நினைவில்லை. இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது கடையில் விண்டோஸ் 10 எஸ்எஸ்டியில் இருக்கிறது, பேஜ்மேக்கர் பழைய வேலைக்கு மட்டும், இணைய இணைப்பு இல்லாமல். மற்றதெல்லாம் மின்ட்டில். பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ். அது பழக இரண்டு வாரம் சிரமமாக இருந்தது, வேகம் இன்னும் பேஜ்மேக்கர் அளவுக்கு வரவில்லை. தட்டச்சுக்குத் தமிழ்99க்கு மாறிவிட்டேன். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் வகுத்த விசைப்பலகை. உயிர் இடது கையில், மெய் வலது கையில். ககரத்தை இரு முறை அடித்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக வந்து க்க ஆகிறது. ங அடித்துக் க அடித்தால் ங்க. பாமினி விரல்களுக்கு முதல் வாரம் கண்ணீர் வரும், மூன்றாம் வாரம் வேகம் கூடும். ஞாயிறுதோறும் வேலை ஃபோல்டரை இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுக்கிறேன். ஒன்று கடையில், மற்றது வீட்டில் அரிசிப் பானைக்கு மேலே பரணில். எடுத்ததும் ஐந்து கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன்.

மலர் அச்சாகி வந்து ஒரு வாரம் கழித்து, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். பட்டியலில் தகப்பனார் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்றார். மலரைப் புரட்டாமல் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தமிழில் அடித்தேன். மூன்று இடங்களில் மஞ்சளாக ஒளிர்ந்தது. இரண்டு மலருக்குள். மூன்றாவது, மலரில் சேராமல் விடுபட்டிருந்த ஒரு பழைய கோப்பில், 2016இல் யாருக்கோ அடித்துக் கொடுத்த நினைவுக் குறிப்பு. அதில் அவர் தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் வேறு இரண்டு பெயர்கள் இருந்தன. நாங்கள் தொலைத்த நான்கில் இரண்டு. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “மக்களே, அதை இன்னொரு தடவை வாசி” என்றார்.